மெக்சிகோ சிவப்பு சாதம் ஏன் குழைகிறது?

கேள்வி: கணவரின் வேலைக்காக மெக்சிகோவில் குவாதலஹாராவில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இப்போது கோவைக்குத் திரும்பியிருக்கிறோம். அங்கே தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் தினமும் சாப்பிட்ட சிவப்பு சாதத்தைக் கேட்டு என் பையன் நச்சரிக்கிறான். பக்கத்து வீட்டம்மா எழுதிக் கொடுத்த அளவு கையில் இருக்கிறது: 1 கப் அரிசிக்கு அரைத்த தக்காளி முக்கால் கப், சூப்பு இரண்டரை கப். முதல் முறை குக்கரில் வைத்தேன், களியாகிவிட்டது. அடுத்து பாஸ்மதியில், திறந்த பாத்திரத்தில். அப்போதும் குழைவு, கூடவே தக்காளியின் பச்சை வாடை. மூன்றாவது முறை நிறம் வரவில்லையே என்று காஷ்மீரி மிளகாய்த் தூள் சேர்த்தேன். "இது தக்காளி சாதம்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டான். எங்கே தப்பு? மாமியார் இருப்பதால் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை. கோழிச் சூப்புக்குப் பதில் என்ன ஊற்றலாம்? அந்தச் சாதத்தின்மேல் வாழைப்பழம் வைப்பார்கள் என்று பையன் சொல்கிறான், நிஜமா?

பதில்: பையன் தட்டைத் தள்ளியதில் நியாயம் இருக்கிறது. நம் தக்காளி சாதமும் அவர்களுடைய 'அரோஸ் ரோஹோ'வும் பார்வைக்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும், வளர்ந்த வீடு வேறு. அவர்களுடையதில் கடுகு கிடையாது, சோம்பு கிடையாது, மஞ்சளும் மிளகாய்த் தூளும் கிடையாது. அரிசி, தக்காளி, வெங்காயம், பூண்டு, எண்ணெய், உப்பு. இவ்வளவிலேயே ருசியும் நிறமும் வந்தாக வேண்டும் என்பதால் வறுக்கிற வேலைதான் அங்கே பெரிய வேலை. சூப்பு ஊற்றுவதற்கு முன்பே இந்தச் சாதத்தின் தலையெழுத்து முடிவாகிவிடுகிறது. "எஸ்தே அரோஸ் யா செ கோசியோ", அதாவது 'இந்த அரிசி வெந்தாச்சு' என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. காரியம் முடிந்தது, இனி மாற்ற முடியாது என்று அர்த்தம். என்னைக் கேட்டால் அரிசி வேகத் தொடங்குவதற்கு முன்பே அந்தப் பேச்சைச் சொல்லிவிடலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் தண்ணீர் மீதும் ஒரு குற்றம் இருக்கிறது. அதை முதலில் தீர்த்துவிடுவோம்.

அந்த அம்மா எழுதிக் கொடுத்த அளவு அவர் ஊருக்குச் சரியான அளவு. குவாதலஹாரா கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே தண்ணீர் 95 டிகிரி சுமாரிலேயே கொதித்துவிடும். கோவை 400 மீட்டர் சொச்சம்தான், கொதிநிலை 98, 99 வரை போகும். மூன்று நான்கு டிகிரி என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கொதிநிலை இறங்கினால் அரிசி வேக அதிக நேரம் எடுக்கும், அந்த நேரமெல்லாம் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த ஊர்க் கை தானாகக் கூட ஊற்றிப் பழகியிருக்கும். மெக்சிகோ நகரம் இன்னும் உயரம், 2,240 மீட்டர். ஏறக்குறைய நம் ஊட்டி. ஊட்டியில் குடித்தனம் செய்தவர்களிடம் பருப்பு வேகவைத்த கதையைக் கேட்டுப் பாருங்கள், இது புரியும். கோவையில் 1 கப் அரிசிக்குச் சூப்பு ஒன்றரை கப் போதும். புது அரிசியானால் அதிலும் கால் கப் குறைத்துவிடுங்கள்.

அடுத்து அரிசி. பாஸ்மதி உதிரியாக நிற்கும்தான். ஆனால் அதன் வாசனையோடு தக்காளியும் வெங்காயமும் சேர்ந்தால் நம் நாக்கு உடனே பிரியாணியைத் தேடத் தொடங்கிவிடும். சீரகச் சம்பாவுக்கும் இதே பதில். மெக்சிகோவில் பெரும்பாலும் வாசனையில்லாத வெள்ளை அரிசிதான். மொரேலோஸ் மாநிலத்தில் விளைவதற்கு மட்டும் தனி மரியாதை: தடித்த அரிசி, நடுவில் வெள்ளையாக ஒரு வயிறு தெரியும். 2012-இல் அதற்கு, நம் புவிசார் குறியீடு மாதிரியான அங்கீகாரம் கிடைத்தது. உங்களுக்கு ஓராண்டாவது பழகிய சோனா மசூரி பச்சரிசியோ பொன்னிப் பச்சரிசியோ போதும். புழுங்கல் வேண்டாம், உதிரியாக வரும், ஆனால் தக்காளிச் சாற்றை மனசார உறிஞ்சாது.

அரிசியை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, தண்ணீர் தெளியும் வரை நான்கைந்து முறை அலசுங்கள். பிறகு ஓட்டைத் தட்டில் வடித்து, ஒரு துணியில் பரப்பி அரை மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே விடுங்கள். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். அலசுவது மேலே ஒட்டியிருக்கும் மாவை நீக்கத்தான், ஆனால் ஈர அரிசி எண்ணெயில் விழுந்தால் வறுபடாது. அதன் ஈரத்திலேயே அது பாதி அவிந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு என்ன அளவு தண்ணீர் ஊற்றினாலும் குழைவுதான்.

மெக்சிகோ நகரத்தில் நார்வார்த்தே பகுதியில் நான் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு 'ஃபோந்தா' இருந்தது, நம் மெஸ் மாதிரியான சாப்பாட்டுக் கடை. அதை நடத்திய அம்மா அரிசியைக் கண்ணால் பார்த்து வறுக்கவே மாட்டார். இன்னொரு அடுப்பில் மிளகாய் வதக்கிக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றபடி காதால் வறுப்பார். எண்ணெயில் போட்ட புதிதில் அரிசி மொத்தையாக, சத்தமில்லாமல் புரளும். கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மாதிரி ஆகி, பிறகு சுண்ணாம்பு வெள்ளையாகும். அதற்கப்புறம் கரண்டியால் அள்ளி விட்டால் ஆற்று மணலைத் தகரத்தில் கொட்டுவதுபோல் சரசரவென்று கேட்கும். அந்தச் சத்தம் வந்த பிறகுதான் திரும்பிப் பார்ப்பார். அங்கங்கே கோதுமை நிறம் ஏறியிருக்கும், சோளப்பொரி வாசனை அடிக்கும். மிதமான தீயில் இதற்கு எட்டிலிருந்து பத்து நிமிடம் ஆகும். எண்ணெய் கால் கப் ஊற்றுங்கள். பயப்படாதீர்கள், வறுபட்டதும் பாத்திரத்தைச் சாய்த்து மிச்ச எண்ணெயை வடித்துவிடலாம், ஒன்றரைக் கரண்டி தங்கினால் போதும். சூரியகாந்தி மாதிரி வாசனையில்லாத எண்ணெய்தான். நல்லெண்ணெயும் நெய்யும் இங்கே வழிகெடுக்கும்.

வறுக்கும்போது அரிசியின் மேல்தோல் போல ஒரு படலம் இறுகி, எண்ணெயும் பூசிக்கொள்கிறது. வேகும்போது மாவு வெளியே கசியாமல் அதுதான் தடுக்கிறது.

இனி தக்காளி. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் விதையும் தண்ணீரும் அதிகம், இந்தச் சாதத்துக்குச் சரிவராது. பெங்களூர்த் தக்காளி, அதிலும் நீள்முட்டை வடிவில் சதைப்பிடிப்பாக இருப்பதை வாங்கி, இரண்டு நாள் வெளியில் வைத்துக் கனியவிடுங்கள். மெக்சிகோவில் இதற்குப் பயன்படுத்துவதும் அந்த வடிவம்தான். அதன் பெயர் அங்கே 'ஹிதோமாத்தே'. மத்திய மெக்சிகோ சந்தையில் 'தோமாத்தே' என்று மட்டும் கேட்டால் மேலே உறை போர்த்திய, புளிப்பான பச்சைக் காயை எடுத்துத் தருவார்கள். நானும் முதல் வாரம் அதை ஒரு கிலோ சுமந்துகொண்டு வந்தவன்தான்.

1 கப் அரிசிக்கு 250 கிராம் தக்காளி, கால் வெங்காயம், இரண்டு பல் பூண்டு. எல்லாம் பச்சையாகவே, தண்ணீர் விடாமல் அரைத்து, தோலும் விதையும் நீங்க வடிகட்டுங்கள். மிக்ஸியிலிருந்து வரும்போது அது ரோஸ் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருக்கும். உங்களைப் பயமுறுத்தியது இந்த வெளிறல்தான் என்று நினைக்கிறேன். மிக்ஸி காற்றை அடித்துக் கலப்பதால் வருவது அது, தக்காளியின் குற்றம் இல்லை. தக்காளியின் சிவப்புச் சாயம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். சூடாக வறுபட்டுக்கொண்டிருக்கும் அரிசியில் இதை ஊற்றிச் சூப்பு சேர்க்காமல் வதக்கும்போதுதான் சாயம் எண்ணெய்க்கு இறங்கி, எண்ணெய் வழியாக அரிசிக்கு ஏறும். சூப்பையும் தக்காளியையும் சேர்த்து ஒரேயடியாக ஊற்றிவிட்டால் நிறமும் வராது, பச்சை வாடையும் போகாது.

எப்போது நிறுத்துவது? கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. இரண்டு நொடி திறந்தே நின்று, ஓரத்தில் செம்மஞ்சள் எண்ணெய் கசிந்தால் சரி. நாலைந்து நிமிடம் ஆகும். அப்போதும் ரத்தச் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள். பெயர்தான் சிவப்பு சாதம், நிஜ நிறம் வெயிலில் வெளுத்த செங்கல். இன்னும் அழுத்தம் வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டி தக்காளி பேஸ்ட் சேர்க்கலாம், நான் சேர்ப்பதில்லை. மிளகாய்த் தூள் மட்டும் வேண்டவே வேண்டாம். அது நிறத்தோடு குணத்தையும் மாற்றிவிடும், பையன் கண்டுபிடித்தது அதைத்தான். சீரகம் போடும் வீடுகள் வட மெக்சிகோவிலும் எல்லைக்கு அப்பால் டெக்சாஸிலும் உண்டு. பையன் கேட்பது அந்த ருசி இல்லை, எனவே அதுவும் வேண்டாம்.

கோழிச் சூப்புக்கு மாற்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே பல வீடுகளில் கோழிச் சூப்பு என்பது டப்பாவில் வரும் தூள்தான் என்பதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம். உங்களுக்கு நான் சொல்வது முத்து உதிர்த்த மக்காச்சோளக் கட்டை. அதை இரண்டாக உடைத்து, அரை வெங்காயம், ஒரு கேரட், நசுக்கிய பூண்டு, ஒரு பிடி கொத்தமல்லித் தண்டு சேர்த்து ஒரு லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடியுங்கள். சோளக் கட்டையிலிருந்து இறங்கும் மெல்லிய இனிப்பு, கோழி தரும் நிறைவை ஓரளவு ஈடுகட்டும். மிளகு, பட்டை, கிராம்பு எதையும் கண்ணில் காட்டாதீர்கள். உப்பை இந்தச் சூப்பிலேயே போட்டுக் கரைத்து, நாக்கில் வைத்துப் பாருங்கள். குடிக்கிற சூப்பைவிட ஒரு படி தூக்கலாக இருக்க வேண்டும். ஊற்றும்போது கொதிக்கக் கொதிக்க இருக்கட்டும். ஆறியதை ஊற்றினால் மறுபடி கொதி வருவதற்குள் அரிசி ஊறி ஊறியே மேல்தோல் இளகிவிடும்.

சூப்போடு சேர்த்துப் பொடியாக நறுக்கிய கேரட், ஒரு பிடி பச்சைப் பட்டாணி. தக்காளிப் புளிப்பில் கேரட் மெதுவாகத்தான் வேகும், அதனால் பட்டாணி அளவுக்கே நறுக்குங்கள். மேலே ஒரு கொத்துக் கொத்தமல்லித் தழையும் கீறாத முழுப் பச்சை மிளகாய் ஒன்றும் வையுங்கள். அங்கே செர்ரானோ மிளகாய் வைப்பார்கள். வாசனைக்குத்தான், காரத்துக்கு இல்லை. ஒரே ஒருமுறை கிளறிவிட்டுக் கரண்டியைக் கழுவி வைத்துவிடுங்கள்.

சூப்பு வற்றி அரிசிக்குச் சமமாக வந்ததும் மேலே சின்னச் சின்னக் குழிகள் விழும், நண்டு வளை மாதிரி. அப்போது தீயைக் குறைத்து, மூடி போட்டு, 15 நிமிடம். அடுப்பை அணைத்தபின் மூடிக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு துணி விரித்து மறுபடி மூடி இன்னொரு 10 நிமிடம். துணி ஆவியைக் குடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் அது சொட்டுச் சொட்டாக மேல்சாதத்தில் விழும். இடையில் திறந்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வரும். தழையையும் மிளகாயையும் எடுத்துவிட்டு முள்கரண்டியால் ஓரத்திலிருந்து உதிர்த்துவிடுங்கள். சாதம் சரியாக அமைந்த அன்று கீழ்வீட்டு அம்மா என்னிடம் "யா தே புவேதெஸ் கசார்" என்றார்: 'இனி உனக்குக் கல்யாணம் பண்ணலாம்'. அங்கே பெண் பிள்ளைகளிடம் கேலியாகச் சொல்வது. எனக்கு அப்போது இரண்டு குழந்தைகள்.

குக்கர் விஷயம்: விசில் போட வேண்டாம். வறுத்த அரிசியை அழுத்தத்தில் வைத்தால் அதுவரை செய்த வேலை வீண். குக்கரின் அடிப்பாத்திரம் கனமாக இருப்பதால் அதை மட்டும் எடுத்து, சாதாரணத் தட்டால் மூடிக்கொள்ளலாம். மின்சார ரைஸ் குக்கர் இருந்தால் வாணலியில் வறுத்து, தக்காளி வதக்கி முடித்து, அதில் மாற்றிவிடலாம். அது நன்றாகவே வருகிறது.

வாழைப்பழம் நிஜம்தான். ஃபோந்தாவில் மதியச் சாப்பாடு வரிசையாக வரும்: முதலில் நீர்ச்சூப்பு, அடுத்து இந்தச் சாதம், அதற்குப்பின்தான் குழம்பும் பீன்ஸும் தொர்தியா என்ற சோள ரொட்டியும். சாதத்துக்கு அங்கே 'சோப்பா செக்கா' என்றே ஒரு பெயர் உண்டு, 'வறண்ட சூப்பு' என்று அர்த்தம். அதாவது நம்மைப்போல் குழம்பு ஊற்றிப் பிசைய அல்ல, தனியாக ஒரு தட்டில் சாப்பிட. அந்தத் தட்டில் சிலர் பொரித்த முட்டை கேட்பார்கள், சிலர் வறுத்த வாழைப்பழம். அவர்கள் வைப்பது 'பிளாதனோ மாச்சோ' என்ற பெரிய ரகம். உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் நேந்திரம் அதற்கு அப்படியே பொருந்தும். தோலில் பாதி கறுத்த பழமாக வாங்குங்கள். மஞ்சளாக இருப்பது மாவாக இருக்கும். சாய்வாக ஒரு விரல் கனத்துக்கு நறுக்கி, கொஞ்சம் எண்ணெயில் இரண்டு பக்கமும் ஓரம் கருகச் சிவக்கவிட்டு, சர்க்கரை எதுவும் தூவாமல், சாதத்தின்மேல் சூடாக நாலு துண்டு வையுங்கள்.