பராமரிக்கும் அம்மாவுக்குக் கொரோனா: படுக்கையில் இருக்கும் அப்பாவை வேறு வீட்டுக்கு மாற்றலாமா?

அப்பாவை மாற்ற வேண்டாம். பராமரிக்கும் ஆளை மாற்றுங்கள். பக்கவாதத்தால் படுக்கையில் இருப்பவரைத் தேவிபட்டினத்திலிருந்து தொண்டியில் உள்ள அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனால், அம்மாவிடமிருந்து அவருக்கு ஏற்கெனவே தொற்றியிருக்கக்கூடிய கிருமி அந்த வீட்டுக்கும் போகும். தடுப்பூசி போட்ட, திடமான ஒருவர் மட்டும் வந்து தங்கட்டும். யாரும் கிடைக்காவிட்டால், அம்மாவே என்95 முகக்கவசம் அணிந்து, சன்னல்களைத் திறந்துவைத்துப் பார்த்துக்கொள்ளலாம்; ஆனால் அவரும் நோயாளி, இரவிலாவது அவருக்கு ஓய்வு வேண்டும்.

போகிறபோக்கில் நீங்கள் எழுதிய ஒரு வரிதான் எனக்குக் கவலை தருகிறது: அப்பாவுக்குக் காய்ச்சல் இல்லை, ஆனால் நேற்றிலிருந்து கஞ்சியை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு தூங்கி வழிகிறார். முதியவர்களிடம் கொரோனா காய்ச்சலே இல்லாமல் இப்படி அசதியும் உணவு மறுப்புமாக வெளிப்படுவது உண்டு.

பக்கவாதம் தாக்காத கையின் விரலைத் தேய்த்துச் சூடாக்கி, ஆக்சிமீட்டரை (இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் சிறு கருவி) மாட்டி, எண் நிலைக்கும்வரை கை அசையாமல் பிடித்துப் பாருங்கள். 94-க்குக் கீழே இருந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

எண் நன்றாக இருந்தாலும் இன்றே மருத்துவர் அவரைப் பார்த்தாக வேண்டும். இதே அறிகுறிகள் மறுபடியும் வந்த பக்கவாதத்தாலோ சர்க்கரை குறைந்ததாலோ ஏற்படலாம். முழு விழிப்பு வரும்வரை வாயில் எதையும் ஊட்டாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும்.

மருத்துவமனையில் சேர்த்தால், உடன் ஒருவர் இருக்க அனுமதி கேளுங்கள். மருந்துகளையும், எப்படி நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.