அடித்தாடும் போக்கிமான் அணி: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அடித்தாடும் அணி அமைப்பதைப் பற்றியவை. ஆளுக்கு ஆறு போக்கிமான்களை வைத்துக்கொண்டு, களத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் இறக்கும் ஆறுக்கு ஆறு ஒற்றையர் ஆட்டத்தை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். இரண்டிரண்டாக இறக்கும் இரட்டையருக்கென்று ஒரு கேள்வி தனியாக இருக்கிறது.

கார்ச்சோம்ப், டிராகனைட், சாலமென்ஸ், ஹாக்சோரஸ், வீவைல், வோல்கரோனா. இதுதான் என் அணி. ஆறும் பலசாலிகள். ஆனாலும் ஆட்டம் பாதியைத் தாண்டுவதற்குள் கவிழ்ந்துவிடுகிறது. எங்கே தப்பு?

தனித்தனியாக எடுத்தால் குறை சொல்ல முடியாத ஆறு. ஆனால் எதிரில் ஃபேரி வகையான ஒரே ஒரு கிளெஃபேபிள் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் டிராகன் வகையான முதல் நான்கும் டார்க் வகையான வீவைலும் ஃபேரி தாக்குதலில் இரு மடங்கு அடி வாங்கும். ஆறில் ஐந்து! நீங்கள் பதிலுக்கு வீசும் டிராகன் தாக்குதல் அதன் மேல் படவே படாது. தாங்கக்கூடியது வோல்கரோனா மட்டும். அதுவும் தரையில் ஸ்டெல்த் ராக் (உள்ளே வருபவரைக் குத்த எதிராளி பரப்பும் கற்கள்) கிடந்தால் உள்ளே வரும்போதே பாதி ஹெச்பியை (உயிர்ப் புள்ளிகளை) இழந்துவிடும்.

ஐஸ் வகைக்கும் இதே கதைதான். கார்ச்சோம்ப், டிராகனைட், சாலமென்ஸ் மூன்றும் நான்கு மடங்கு வாங்கும். போதாததற்கு, தாக்குதல்களில் பிசிக்கல், ஸ்பெஷல் என்று இரண்டு விதம் உண்டு; வோல்கரோனாவைத் தவிர மற்ற ஐந்தையும் பிசிக்கலாகவே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் பிசிக்கல் அடியை நன்றாகத் தாங்கும் ஒரு கார்விநைட் நடுவில் வந்து உட்கார்ந்து, ஹெச்பியை மீட்கும் ரூஸ்ட் போட்டுக்கொண்டே இருக்கும். ஐந்து பேரும் ஒரே கதவை முட்டுகிறார்கள். அது திறக்காவிட்டால் உங்களுக்கு வேறு வழி இல்லை.

அதனால் சாலமென்ஸ், ஹாக்சோரஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் கோல்டெங்கோ ஒன்று, மேக்னெசோன் ஒன்று. இரண்டுமே ஸ்டீல், இரண்டுமே ஸ்பெஷல். ஃபேரியும் ஐஸும் இவற்றின் மேல் பாதிதான் ஏறும். கோல்டெங்கோவின் ஸ்டீல் தாக்குதலான மேக் இட் ரெய்ன் கிளெஃபேபிளை இரு மடங்காகத் தாக்கும். கிரவுண்டுக்கும் ஃபயருக்கும் இரண்டும் சேர்ந்து பலவீனம் என்பது உண்மைதான். ஆனால் கிரவுண்ட் தாக்குதல் டிராகனைட்டைத் தொடாது, ஃபயர் அதன் மேல் பாதிதான் ஏறும். இப்படி ஒருவர் வாங்க முடியாததை இன்னொருவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

புதிதாக ஒரு அணி கட்ட வேண்டும். எந்த இடத்தில் ஆரம்பிப்பது?

கடைசியில் ஆரம்பியுங்கள். ஆட்டத்தை முடித்து வைக்கப் போவது யார் என்று முதலில் தீர்மானியுங்கள். பிறகு, அதைத் தடுக்கக்கூடியவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். மற்ற ஐந்து பேருக்கும் வேலை அந்தத் தாளிலிருந்துதான் கிடைக்கும்.

உதாரணத்துக்கு, முடிப்பவர் டிராகனைட். டிராகன் டான்ஸ் (அட்டாக்கையும் ஸ்பீடையும் ஏற்றும்), எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு (நார்மல் வகைத் தாக்குதல்), எர்த்குவேக் (கிரவுண்ட் வகைத் தாக்குதல்) வைத்திருக்கிறது. ஹெச்பி முழுதாக இருக்கும்போது மல்டிஸ்கேல் என்ற அதன் திறன் அடியைப் பாதியாகக் குறைப்பதால் ஒரு டான்ஸ் போட நேரம் கிடைக்கும். சரி, இதை எது நிறுத்தும்?

முதலில் ஸ்டெல்த் ராக். உள்ளே வரும்போதே கால் பங்கு ஹெச்பி போய், மல்டிஸ்கேலும் வேலை செய்யாமல் போகும். அதனால் கல்லடி படாமல் காக்கும் ஹெவி டியூட்டி பூட்ஸ் அதன் கையில் இருக்கட்டும். அடுத்தது கார்விநைட். பறப்பதால் எர்த்குவேக் படாது, ஸ்டீல் என்பதால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு பாதிதான் ஏறும். மூன்றாவது டொண்டோஸோ. அன்அவேர் என்ற திறன் இருப்பதால் நீங்கள் எத்தனை டான்ஸ் போட்டாலும் அது கண்டுகொள்ளாது.

கடைசி இரண்டுக்கும் ஒரே மருந்து மேக்னெசோன். அதன் மேக்னெட் புல் திறன் ஸ்டீல் வகைகளை வெளியே போக விடாது. தண்டர்போல்ட் கார்விநைட்டையும் டொண்டோஸோவையும் இரு மடங்காக அடிக்கும். கார்விநைட் யூ-டர்ன் (அடித்துவிட்டு ஆளை மாற்றும் தாக்குதல்) வைத்திருந்தால் நழுவிவிடும், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் எதிராளியின் பக்கம் ஸ்டெல்த் ராக் போட ஒரு கார்ச்சோம்ப். போட்ட கல்லைக் காப்பாற்றக் கோல்டெங்கோ. இந்த ஜோடி எனக்கு மிகவும் பிடிக்கும். கோல்டெங்கோ கோஸ்ட் வகை, கல்லை அகற்றும் ரேப்பிட் ஸ்பின் அதன் மேல் பலிக்காது. குட் அஸ் கோல்டு என்ற திறன் இருப்பதால், கல்லை அகற்றும் இன்னொரு வழியான டிஃபாக்கை அதைக் குறிவைத்துப் போட்டாலும் பலிக்காது. கல்லை அகற்றுவதற்கென்று எதிராளி எதை அனுப்பினாலும் நீங்கள் கோல்டெங்கோவைக் கொண்டுவந்து நிறுத்தலாம். கல் கிடக்கும் வரை அவர் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஹெச்பி கரையும். டிராகனைட் வரும் நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஐந்தாவது இடத்துக்கு வேகமும் யூ-டர்னும் உள்ள ஒன்று. டிராகாபல்ட் பொருந்தும். ஆறாவதை முதல் நாளே நிரப்பாதீர்கள். ஏதாவது ஒன்றைப் போட்டு இருபது ஆட்டம் ஆடிப் பாருங்கள். உங்களை எது திரும்பத் திரும்பத் தோற்கடிக்கிறதோ, அதற்கான பதிலை அங்கே வையுங்கள்.

டிராகனைட்டுக்கு அடமன்ட் நேச்சரா, ஜாலியா? பத்து சதவீதத்தில் என்ன பெரிய வித்தியாசம்?

அடமன்ட் அட்டாக்கைக் கூட்டும், ஜாலி ஸ்பீடைக் கூட்டும்; எண்களைப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். லெவல் 100இல், ஸ்பீடில் 252 ஈவி (பயிற்சிப் புள்ளிகள்) கொடுத்தால் அடமன்ட் டிராகனைட்டின் ஸ்பீடு 259, ஜாலிக்கு 284. ஒரு டிராகன் டான்ஸ் போட்டதும் ஒன்றரை மடங்கு: அடமன்ட் 388, ஜாலி 426. ஸ்பீடை முழுதாக ஏற்றிய கார்ச்சோம்ப் 333தான், அதை இரண்டுமே தாண்டிவிடும். முழுதாக ஏற்றிய டிராகாபல்ட்டோ 421. ஜாலி ஐந்து புள்ளியில் முந்துகிறது, அடமன்ட் பின்தங்குகிறது.

இங்கே இன்னொரு விஷயம் இருக்கிறது. ஸ்பீடை ஒன்றரை மடங்காக்கும் ஸ்கார்ஃப் போட்ட கார்ச்சோம்ப் 499க்குப் போய்விடும், உங்களால் அதை முந்த முடியாது. ஆனால் எக்ஸ்ட்ரீம் ஸ்பீடு ஸ்பீடைப் பார்க்காமல் முதலில் பாயும் என்பதால் அடிபட்ட ஸ்கார்ஃப்காரர்களை அப்படி முடித்துவிடலாம். டிராகாபல்ட்டிடம் அந்த வழி இல்லை. அது கோஸ்ட், நார்மல் வகைத் தாக்குதல் அதன் மேல் படாது. அதனால்தான் அந்த ஐந்து புள்ளிக்கு இவ்வளவு மதிப்பு.

அடமன்ட் கொடுத்தால் அட்டாக் 403, ஜாலியில் 367. டிராகாபல்ட்டைப் பார்த்துக்கொள்ள அணியில் வேறொருவர் இருந்தால் அடமன்ட் எடுங்கள். இல்லையென்றால் ஜாலி.

லைஃப் ஆர்பா, சாய்ஸ் பேண்டா?

இரண்டும் போக்கிமான் கையில் வைத்திருக்கும் பொருள்கள். லைஃப் ஆர்ப் அடிக்கு 1.3 மடங்கு பலம் தரும், அடிக்கும் ஒவ்வொரு முறையும் பத்தில் ஒரு பங்கு ஹெச்பியை எடுத்துக்கொள்ளும். சாய்ஸ் பேண்ட் 1.5 மடங்கு தரும், ஆனால் ஒரே தாக்குதலில் பூட்டிவிடும். டிராகன் டான்ஸ் போல முதலில் பலத்தை ஏற்றிக்கொள்ளும் செட்டப் போடுபவருக்கு பேண்ட் கூடவே கூடாது, டான்ஸிலேயே மாட்டிக்கொள்வார். வந்து ஒரு பெரிய ஓட்டை போட்டுவிட்டுத் திரும்புபவருக்கு பேண்ட். களத்தில் நின்று இரண்டு மூன்று விதமாக அடிக்க வேண்டியவருக்கு ஆர்ப்.

ஹைட்ரோ பம்ப் தவறித் தவறியே தோற்கிறேன். சர்ஃபுக்கு மாறலாமா?

ஹைட்ரோ பம்ப் 110 பலம், 80 சதவீதம் படும். சர்ஃப் 90 பலம், தவறாது. சராசரி போட்டால் 88க்கு 90, சர்ஃப் ஒரு மயிரிழை மேலே. ஆனால் இதைச் சராசரியால் தீர்மானிக்க முடியாது. நீங்கள் குறிவைத்திருக்கும் ஆள் ஒரே அடியில் விழுவாரா என்பதுதான் கேள்வி.

டேமேஜ் கால்குலேட்டரைத் திறந்து, அடிக்கடி எதிர்ப்படும் பத்துப் பேரைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு அடியும் 85 முதல் 100 சதவீதத்துக்குள் பதினாறு விதமாக விழும், அதனால் குறைந்த எண்ணைப் பாருங்கள். இரண்டுமே ஒரே எண்ணிக்கை அடியில் வீழ்த்துகிறது என்றால் பம்ப்பை வைத்திருப்பதில் அர்த்தமே இல்லை. ஓர் அடி, இரண்டு அடி என்று வித்தியாசம் வருகிற முக்கியமான ஆள் ஒருவராவது இருந்தால் மட்டும் பம்ப்.

ஃபோகஸ் பிளாஸ்டில் நான் இன்னும் கண்டிப்பானவன். 70 சதவீதம் என்றால் அடுத்தடுத்து இரண்டு முறை படுவதற்கு வாய்ப்பு 49தான். ஒரு போட்டியின் கடைசிச் சுற்றில் எனக்கு இரண்டும் தவறின. அதற்கு வாய்ப்பு ஒன்பது சதவீதம். மனம் நொந்துதான் எழுந்தேன். ஆனால் பிறகு அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தபோது, மூன்று டர்ன் முன்னாலேயே ஆளை மாற்றியிருந்தால் ஃபோகஸ் பிளாஸ்டை நம்பும் நிலையே வந்திருக்காது என்று தெரிந்தது. தவறக்கூடிய தாக்குதலை வைத்திருக்கலாம். அது பட்டால்தான் ஜெயிப்போம் என்கிற இடத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் அணியில் எல்லாருமே மெல்லிய உடம்பு. யாரையும் பத்திரமாக உள்ளே கொண்டுவர முடியவில்லை. என்ன செய்வது?

அடித்தாடுபவர்களுக்கு இதைவிட முக்கியமான கேள்வி இல்லை. வழிகள் மூன்று. ஒன்று, ஒருவர் விழுந்த பிறகு வருவது. அப்போது வருபவர் மேல் அடி விழாது. அதனால் வேலை முடிந்துபோன ஒருவரை விட்டுக்கொடுக்கத் தயங்காதீர்கள். கல்லைப் போட்டுவிட்டுக் கால் உயிரோடு நிற்கும் கார்ச்சோம்ப்பைக் காப்பாற்ற நல்ல நிலையில் இருக்கும் இன்னொருவரை அடிவாங்க விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

இரண்டு, யூ-டர்ன், அதைப் போலவே ஆளை மாற்றும் வோல்ட் ஸ்விட்ச். இதில் மெதுவானவருக்கு ஒரு தனி மதிப்பு உண்டு. எதிராளி அடித்து முடித்த பிறகு நீங்கள் யூ-டர்ன் போட்டால், அடியைப் பழையவர் வாங்கியிருப்பார், புதியவர் கீறல் இல்லாமல் வருவார்.

மூன்று, அவர் மாற்றுவார் என்று ஊகித்து நீங்களும் அதே டர்னில் மாற்றுவது. டிராகனைட்டைப் பார்த்ததும் கார்விநைட் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால், அந்த நொடியே மேக்னெசோனை இறக்குங்கள். ஆட்டத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். வழக்கமாக்கினால் எதிராளி கண்டுபிடித்துவிடுவார்.

இழுத்தடித்து ஆடுபவர்களிடம் தோற்கிறேன். அறுபது, எழுபது டர்ன் போகிறது.

அவர்களுடைய உயிர், ஹெச்பியை மீட்கும் தாக்குதல்களில் இருக்கிறது. விளையாட்டின் ஒன்பதாம் தலைமுறையில் ரெகவர், ரூஸ்ட் போன்றவற்றின் பிபி (ஓர் ஆட்டத்தில் எத்தனை முறை போடலாம் என்ற எண்ணிக்கை) ஐந்தாகக் குறைந்துவிட்டது, கூட்டினாலும் எட்டுதான். அணியில் ஒருவரிடம் டாண்ட் இருக்கட்டும், மூன்று டர்ன் அவர்கள் அடிப்பதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாது. எதிராளியின் கைப்பொருளைத் தட்டிவிடும் நாக் ஆஃப் கட்டாயம் ஒன்று வையுங்கள். பூட்ஸ் பறிபோனால், சுவர் போல அடிதாங்கி நிற்பவர் ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் கல்லடி படும். பொறுமை இழந்து முடிப்பவரைச் சீக்கிரம் இறக்கிவிடாதீர்கள்.

252, 252, 4 என்றுதான் எப்போதும் ஈவி போட வேண்டுமா?

தாக்கும் பலத்துக்கு 252, ஸ்பீடுக்கு 252 என்று அடிப்பவர்களுக்கு அநேகமாக ஆமாம். ஆனால் அந்த 4 எங்கே போகிறது என்று கவனியுங்கள், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ஹெச்பியில் போடுகிறார்கள். வோல்கரோனாவின் ஹெச்பி ஈவி இல்லாமல் 311. ஸ்டெல்த் ராக் பாதியை எடுக்கும்: 155. இரண்டு முறை உள்ளே வந்தாலும் 1 மிஞ்சும். அந்த 4ஐ ஹெச்பியில் போட்டால் 312 ஆகிவிடும். பாதி 156, இரண்டாவது முறை வரும்போது செத்துவிழும். டிஃபென்ஸில் போடுங்கள்.

பல வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். பெரிதாக என்ன மாறியிருக்கிறது?

2006இல் டைமண்ட், பேர்ல் விளையாட்டுகள் வந்தபோது பிசிக்கலா ஸ்பெஷலா என்பது வகையை விட்டுத் தாக்குதலுக்கு மாறியது. அதற்கு முன் டார்க், ஐஸ் இரண்டும் ஸ்பெஷல் என்பதால், அந்த இரு வகையான ஸ்னீசலின் நல்ல அட்டாக் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. 2013இல் ஃபேரி வகை. 2019இல் ஹெவி டியூட்டி பூட்ஸ். 2022இல் டெராஸ்டல், ஆட்டத்தின் நடுவே வகையையே மாற்றிக்கொள்ளலாம். சொந்த வகையிலேயே டெரா செய்தால் அந்த வகைத் தாக்குதலுக்கு 1.5க்குப் பதில் இரண்டு மடங்கு கிடைக்கும்.

இதே அணியை இரட்டையருக்கு எடுத்துப் போகலாமா?

வேண்டாம். அங்கே ஆறில் நான்கைத்தான் இறக்குவீர்கள். ஆட்டம் சில டர்ன்களில் முடிந்துவிடும், ஸ்டெல்த் ராக் போட்டுக் காத்திருக்க நேரம் இல்லை. எர்த்குவேக் பக்கத்தில் நிற்கும் உங்கள் ஆளையும் அடிக்கும். பலரை அடிக்கும் தாக்குதல்களுக்கு 75 சதவீத பலம்தான். ஸ்பீடுக்கு டான்ஸை நம்பாமல் டெயில்விண்ட் வையுங்கள், நான்கு டர்ன் உங்கள் பக்கம் முழுவதும் இரு மடங்கு வேகம். முதல் டர்னில் ஒருவரைத் தடுமாற வைக்க ஃபேக் அவுட். ஒரு டர்ன் அடியைத் தடுக்கும் ப்ரொடெக்ட் ஏறக்குறைய எல்லாரிடமும்.

அடிப்பவர்களை மட்டும் அடுக்காதீர்கள் என்பது இங்கே இன்னும் பொருந்தும். 2014 உலகச் சாம்பியன் போட்டியில் தென்கொரியாவின் செ ஜுன் பார்க் பச்சிரிசுவை வைத்து ஜெயித்தார். பார்த்தால் யாரும் பயப்படாத ஒரு மின் அணில். ஃபாலோ மீ போட்டு எதிராளியின் அடிகளைத் தன் மேல் இழுத்துக்கொள்வதுதான் அதன் வேலை. அந்த டர்னில் பக்கத்தில் நின்றவர் கீறல் படாமல் தன் வேலையைப் பார்த்தார். உங்கள் நான்கு பேரில் பச்சிரிசுவின் வேலையைச் செய்யப்போவது யார் என்று முதலில் எழுதுங்கள், மற்ற மூவரை அப்புறம் பார்க்கலாம்.