வாசகர் கேள்வி – பதில்: அப்பாவின் பெயரால் அழைக்கும் அலுவலகம்

ஜப்பானில் வாழும் உறவினர்களைப் பற்றியும், அங்கே தாங்களே பட்ட பாட்டைப் பற்றியும் வாசகர்கள் எழுதியவற்றுள் ஐந்து கடிதங்களுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். நானும் டோக்கியோவில் ஏழு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவன்தான்.

கேள்வி: என் மகன் ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். அலுவலகத்தில் எல்லோரும் அவனை அவன் அப்பாவின் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார்களாம். என் கணவர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கேட்கும்போது எனக்கு என்னவோபோல் இருக்கிறது. இதை மாற்ற முடியாதா?
– ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அலுவலகத்தில் மாற்றலாம் அம்மா, மற்ற இடங்களில் கடினம். ஜப்பானியப் படிவங்களில் பெயருக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும்: முதலில் குடும்பப் பெயர், பிறகு சொந்தப் பெயர். அலுவலகத்தில் ஒருவரைக் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்து அழைப்பதுதான் அங்கே மரியாதை. குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லாத நம்மில் பலர் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கட்டத்தில் தந்தையின் பெயரை எழுதிவிடுகிறோம். வெளிநாட்டவருக்கு அங்கே வழங்கப்படும் வசிப்பு அட்டையிலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே அச்சாகிவிடுவதால், வங்கியிலும் மருத்துவமனையிலும் உங்கள் மகன் அப்பாவின் பெயருக்குத்தான் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். அலுவலகத்தில் அவர் தம் மேலாளரிடம், “அது என் தந்தையின் பெயர், என்னை இப்படி அழையுங்கள்” என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டால் போதும். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சொல்லாதவரை அவர்களாகக் கேட்கவும் மாட்டார்கள்.

இந்தச் சங்கடம் புதுச்சேரிக்குப் பழகியது. 1881-ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையை ஏற்று, தங்கள் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்துக்கு உட்பட்டவர்கள், கூடவே ஒரு குடும்பப் பெயரையும் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களுள் முன்னின்ற பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லபோர்த்’ ஆனார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்று பொருள். படிவத்தின் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதற்காக மனிதர்கள் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது!

இன்னொன்றையும் மகனிடம் சொல்லுங்கள். அந்நியப் பெயர்களை எழுதும் கத்தகானா எழுத்தில் ல, ள, ழ எதற்கும் இடமில்லை. சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் பெரும்பாலும் ஓர் உயிர் ஒட்டிக்கொள்ளும். செந்தில் அங்கே ‘செந்திரு’ ஆகிவிடுவார். எப்படி எழுதுவது என்பதை முதல் நாளே முடிவு செய்து, எல்லா இடங்களிலும் அதே எழுத்துகளைக் கொடுக்க வேண்டும். நான் வங்கியில் ஒரு விதமாகவும் கைப்பேசி நிறுவனத்தில் வேறு விதமாகவும் எழுதிக் கொடுத்துவிட்டு, பணம் கணக்கில் இருந்தும் இரண்டு மாதம் கட்டணம் கட்டாதவனாக இருந்தேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக நகோயாவில் இருக்கிறேன். வணக்கம் என்று ஒரு சொல் சொன்னாலே “ஜப்பானிய மொழி அருமையாகப் பேசுகிறீர்கள்” என்கிறார்கள். ஆனால் ரயிலில் என் பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே இருக்கிறது. இது பாராட்டா, ஒதுக்கலா?
– விடுமுறையில் வந்திருக்கும் வாசகி, லாஸ்பேட்டை

பதில்: ‘நிஹோங்கோ ஜோஸு’ என்ற அந்தப் பாராட்டைக் கேட்காத வெளிநாட்டவர் ஜப்பானில் இருக்க முடியாது. மொழி உண்மையாகவே தேறிவிட்டால் பாராட்டு நின்று, “எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள்?” என்ற கேள்வி வரும் என்பது அங்குள்ளவர்களின் வேடிக்கைப் பேச்சு. அதில் கெட்ட எண்ணம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. 1968-இல் தொடங்கப்பட்ட ஆரோவில்லில் பல காலமாக வாழும் வெள்ளைக்காரர் ஒருவர் குயிலாப்பாளையம் கடையில் “அரைக் கிலோ வெண்டைக்காய் கொடுங்க” என்று கேட்டால் நாமும், “தமிழ் நல்லாப் பேசுறாரே!” என்று வியக்கத்தானே செய்கிறோம்? நமக்கு அது அன்பு. அவருக்கோ, நேற்றுத்தான் வந்து இறங்கியவரைப்போல் மறுபடியும் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது.

இருக்கை விஷயத்தில், ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சமே காரணம் என்று என் ஜப்பானிய நண்பர்கள் சொல்வார்கள். ஓரளவு உண்மையாக இருக்கலாம். அதனால் காலி இருக்கை உறுத்தாமல் போய்விடாது. ஆனாலும் இவற்றை வீடு மறுக்கப்படுவதோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஜப்பானிய நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவருள் சுமார் 39 சதவீதத்தினர், வெளிநாட்டவர் என்பதாலேயே தங்களுக்கு வீடு மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். முன்னது எரிச்சல், பின்னது பாகுபாடு. எரிச்சலுக்கெல்லாம் பாகுபாடு என்று பெயர் வைத்தால், உண்மையான பாகுபாட்டைச் சொல்லும்போது கேட்க ஆள் இருக்காது.

கேள்வி: சைவ உணவு கிடைக்குமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: “இறைச்சி வேண்டாம்” என்று சொன்னால் இறைச்சி வராது, ஆனால் சூப்பிலும் குழம்பிலும் ‘தஷி’ என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் கட்சுவோபுஷி, அதாவது நம் மாசிக் கருவாட்டின் ஜப்பானியப் பங்காளி. கொம்பு என்னும் கடற்பாசியில் இறக்கிய தஷியா என்று தனியாகக் கேட்க வேண்டும்.

கேள்வி: கியோத்தோவில் இருக்கும் என் தம்பியின் குப்பைப் பையை மட்டும் எடுக்காமல் விட்டுவிட்டார்களாம். குப்பையிலுமா குற்றம் கண்டுபிடிப்பார்கள்?
– வாசகர், செம்மண்டலம், கடலூர்

பதில்: கண்டுபிடிப்பார்கள், பையின் மேல் காரணத்தைச் சொல்லும் ஒட்டுத்தாளும் ஒட்டியிருப்பார்களே, அதை உங்கள் தம்பி படித்தாரா? எரியும் குப்பைக்கு ஒரு நாள், பிளாஸ்டிக்குக்கு ஒரு நாள். தண்ணீர் பாட்டில் என்றால் மூடியையும் மேலுறையையும் கழற்றிக் கழுவி வைக்க வேண்டும். கியோத்தோவில் மாநகராட்சி குறித்த பையை விலைக்கு வாங்கித்தான் போட முடியும். வெளியில் எங்காவது போட்டுவிடலாம் என்றால், 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சுவாயுத் தாக்குதல் நடந்த பிறகு பொது இடங்களில் குப்பைத்தொட்டிகள் வெகுவாகக் குறைக்கப்பட்டுவிட்டன. இதற்கெல்லாம் பழகிவிடலாம். பழகாதது அடுத்து வருவது: ‘குடியிருப்போர் அனைவரின் கவனத்துக்கும்’ என்ற அறிவிப்பு எல்லா அஞ்சல் பெட்டிகளிலும் விழும். யாரும் கதவைத் தட்டிச் சண்டை போட மாட்டார்கள். அது யாருக்கான அறிவிப்பு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கேள்வி: டோக்கியோவில் இருக்கும் மகள் வீட்டில் கருவாடு வறுக்கலாமா?
– ஒரு தந்தை, கடலூர் முதுநகர்

பதில்: தாராளமாக. இசுத் தீவுகளில் செய்யப்படும் ‘குசாயா’ கருவாட்டின் நாற்றத்துக்கு முன்னால் முதுநகர்ச் சரக்கு வாசனைத் திரவியம். ஆனால் அங்கே வெயில் அடித்தால் பால்கனிதோறும் மெத்தை காயப்போடுவார்கள். அண்டை வீட்டு மெத்தை உள்ளே போய்விட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லுங்கள்.