அனுப்ப முன்னமே பரிவர்த்தனைக் கட்டணத்தை அறியலாமா?

திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் தம்பி, எதீரியம் என்ற மின்காசு வலையமைப்பில் ஒரு பரிவர்த்தனையை அனுப்ப முதலே கட்டணம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓம், பெருமளவுக்குத் தெரியும். ஒரு நோட் (வலையமைப்பிலுள்ள ஒரு கணினி), உங்கள் பரிவர்த்தனையை இப்போதைய நிலையில் தன்னிடமே ஒத்திகையாக ஓட்டிப் பார்த்து, தேவைப்படும் கேஸ் (கணிப்பு வேலையை அளக்கும் அலகு) அளவைச் சொல்லும். வலையமைப்புக்கு எதுவும் போகாது, காசும் கழியாது. எதீரியத்தின் காசான ஈதரைச் சாதாரணமாக அனுப்ப 21,000 கேஸ். ஒரு கேஸின் விலை 20 குவெய் (ஒரு குவெய் என்பது ஈதரின் நூறு கோடியில் ஒரு பங்கு) என்றால் கட்டணம் 0.00042 ஈதர்.

ஒப்பந்தங்களை (வலையமைப்பில் ஓடும் நிரல்களை) அழைக்கும்போதுதான் மிகக் கவனம் வேணும். ஒத்திகைக்குப் பிறகு யாராவது அதே ஒப்பந்தத்தைத் தொட்டால் தேவைப்படும் கேஸ் அளவு மாறக்கூடும். ஒரு கேஸுக்கான அடிப்படைக் கட்டணமும் பிளாக்குக்குப் பிளாக் (பரிவர்த்தனைத் தொகுதிக்குத் தொகுதி) 12.5% வரை ஏறி இறங்கும். கேஸ் அளவு மாறக்கூடும் என்பதால், கேஸ் வரம்பைச் (பாவிக்கக்கூடிய கேஸின் உச்ச எல்லையை) சற்றுக் கூட்டி வையுங்கள். பாவிக்காத கேஸுக்குக் கட்டணமில்லை. வரம்பு போதாமல் நின்றாலோ, அந்தக் கேஸ் முழுவதற்கும் காசு போய்விடும். ஒத்திகையிலேயே தோற்றால் அனுப்பாதீர்கள், முதலில் காரணத்தைத் தேடுங்கள்.