அந்த மூவரும் அனாதைகள் அல்லர்

கேள்வி: ‘இன்ஸ்டன்ட் ஃபேமிலி’ பார்த்தேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் ஒரு தம்பதி மூன்று அனாதைக் குழந்தைகளை மொத்தமாக வீட்டுக்கு அழைத்துவருவதெல்லாம் சினிமாவில் மட்டும்தானே நடக்கும்?

பதில்: நிஜத்திலும் நடந்தது. படத்தின் இயக்குநர் ஷான் ஆண்டர்ஸும் அவர் மனைவியும் ஃபாஸ்டர் கேரிலிருந்து, அதாவது பெற்றோரிடம் இருக்க முடியாத பிள்ளைகளை அரசு வேறு இடத்தில் வளரவைக்கிற ஏற்பாட்டிலிருந்து, தத்தெடுத்தது உடன்பிறந்த மூன்று பேரை. சொந்த வீட்டு அனுபவத்தை வைத்துத்தான் 2018-இல் இந்தப் படத்தை எடுத்தார். கேட்டதற்குப் பதில் முடிந்தது. இனி நான் சொல்ல வேண்டியது.

‘அனாதை’ என்று எப்படி எழுதினீர்கள்? படத்தில் வருகிற லிஸி, ஹுவான், லிட்டா மூவருக்கும் அம்மா இருக்கிறாள். போதைக்கு அடிமையாகிச் சிறைக்குப் போய் வந்தவள். பிள்ளைகளைத் திருப்பிக் கேட்டு வருகிறாள், நீதிமன்றமும் சம்மதிக்கிறது. பாதிப் படமே அதுதான். அமெரிக்காவில் ஃபாஸ்டர் கேர் என்பது தற்காலிக அடைக்கலம். முடிந்தால் பிள்ளையைப் பெற்றவரிடமே சேர்ப்பதுதான் பெரும்பாலும் முதல் இலக்கு. கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை ஃபாஸ்டர் கேரிலேயே இருந்துவிட்டால், பெற்றோர் உரிமையை நீக்கக் கோரி மாநில அரசு வழக்குப் போட வேண்டும் என்கிறது 1997-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் விதிவிலக்குகள் உண்டு. 2018-இல் இந்த ஏற்பாட்டில் 4,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். தத்துக்காகக் காத்திருந்தவர்கள் 1,20,000-க்கும் மேல். மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வீடு திரும்பும் வழி இன்னும் திறந்தே இருந்தது. ராத்திரி கெட்ட கனவு கண்டு அலறுகிற பையனை அணைத்துத் தூங்கவைக்கிறவள், நாளை நீதிபதி சொன்னால் அவனுக்குப் பெட்டி கட்டிக்கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். இதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

தத்தெடுக்க நினைப்பவர்களும் பிள்ளைகளும் சந்திக்கிற அந்த விழாக் காட்சியை மறுபடி பாருங்கள். தத்தெடுக்க வந்தவர்கள் சின்னஞ்சிறுசுகளைச் சுற்றி மொய்க்கிறார்கள். பதின்வயதுப் பிள்ளைகள் மட்டும் ஓரமாகத் தனியே நிற்கிறார்கள், பக்கத்தில் போக ஆளில்லை. தங்களைப் பற்றிக் கிசுகிசுத்த தம்பதியிடம் லிஸியே நேராக வந்து, எங்களை யாருக்கும் வேண்டாம் என்பது எங்களுக்கே தெரியும், தயங்காமல் சின்னப் பிள்ளைகளிடம் போங்கள் என்கிற மாதிரி முகத்துக்கு நேரே பேசுகிறாள். பதினைந்து வயது! தியேட்டர் சிரிக்கிறது, நானும் சிரித்தேன், சிரித்த வாயோடு தொண்டை அடைத்தது.

இதைத்தான் இந்தப் பக்கத்தில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், விமர்சக நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. அழுமூஞ்சிப் படம்தான் கனமான படம், சிரிக்கவைத்தால் அது பொழுதுபோக்கு என்று ஒரு தீண்டாமையை வளர்த்து வைத்திருக்கிறார்கள். இந்தக் கதையை அழுகையாக எடுத்திருந்தால் குழந்தைகள் பரிதாபப் பொம்மைகளாக நின்றிருப்பார்கள். நகைச்சுவையாக எடுத்ததால்தான் சிப்ஸ் தவிர வேறெதையும் தொட மாட்டேன் என்று வீட்டையே ரெண்டாக்குகிற லிட்டாவும், எதற்கெடுத்தாலும் ‘சாரி’ சொல்லி நடுங்குகிற ஹுவானும் ரத்தமும் சதையுமாக வந்தார்கள். வளர்க்க வந்தவர்களும் தெய்வப்பிறவிகள் ஆகவில்லை. படுக்கையில் சாய்ந்தபடி, இதுகளைத் திருப்பி விட்டுவிடலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்கிற காட்சியைக் கனமான படக்காரர் எவராவது துணிந்து எழுதியிருப்பாரா?

இவ்வளவுக்கும் இந்தப் படத்துக்கு ஆஸ்கரில் ஒரு பரிந்துரைகூட இல்லை. 1934-இல் வந்த ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ சுத்தமான நகைச்சுவைப் படம். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்தையும் அள்ளிக்கொண்டு போனது. சிரிப்புக்கு அன்று கொடுத்த மரியாதையை இன்று கொடுக்க என்ன தடை? அந்த விமர்சக நண்பர்கள் பதில் எழுதினால் ஒரு வரி வெட்டாமல் பிரசுரிக்கிறேன்.