தியரி தேர்வுக்கு மட்டும்தானா? வார்டில் அதற்கு என்ன வேலை?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நர்சிங் தியரிகளை (கோட்பாடுகளை) உருவாக்கிய ஓரெம், ஹெண்டர்சன், பெப்லாவ் எல்லோரையும் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டேன். நோயாளிக்கான பராமரிப்புத் திட்டமான கேர் பிளானில் ‘தியரி அப்ளிகேஷன்’ என்று ஒரு பக்கம் எழுதச் சொல்கிறார்கள். சீனியர்களின் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எழுதுகிறோம். வார்டில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. உண்மையில் இதனால் பயன் உண்டா? எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: பயன் உண்டு. அது உங்கள் கண்ணில் படாததற்குக் காரணம், நீங்கள் எழுதும் வரிசை. தியரியை முதலில் எழுதிவிட்டு அதற்குள் நோயாளியைப் பொருத்தப் பார்க்கிறீர்கள். நோயாளியிடமிருந்து தொடங்கிப் பாருங்கள்.

பக்கவாதம் வந்து நான்காம் நாள். வலப்பக்கம் கை, கால் விழுந்துவிட்ட அறுபது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ‘பக்கவாதம்’ என்பது மருத்துவரின் டயக்னோசிஸ். செவிலியர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவர் இன்று தனக்குத் தானே எதைச் செய்துகொள்கிறார், எதைச் செய்ய முடியாமல் தவிக்கிறார்? டோரதியா ஓரெம் 1971-இல் நூலாக வெளியிட்ட சுயபராமரிப்புக் கோட்பாட்டின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான்.

இனி இவருடைய சாப்பாட்டு வேளையைக் கவனியுங்கள். விழுங்கும் திறனைச் சோதித்து, வாய்வழி உணவு கொடுக்கலாம் என்று முடிவாகிவிட்டது. தட்டு வந்ததும் உதவியாளர் வேகவேகமாக ஊட்டி முடித்துவிடுகிறார். மறுவேளை யாருமில்லை, அவரே இடது கையால் சாப்பிட முயல்கிறார், தட்டில் பாதி அப்படியே இருக்கிறது. சார்ட்டில் ‘பசி குறைவு’ என்று ஏறிவிடுகிறது. அருகில் உட்கார்ந்து பார்த்திருந்தால், மிச்சம் கிடப்பது தட்டின் வலப்பாதி மட்டும் என்பது தெரிந்திருக்கும். பக்கவாதத்தில் சிலருக்குப் பார்வைப் புலத்தின், அதாவது கண்ணுக்குத் தெரியும் பரப்பின், ஒரு பாதியும் பறிபோகும். அவருக்குப் பசி இருக்கிறது, வலப்பக்கம் இருக்கும் உணவுதான் தெரியவில்லை. மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும். அதுவரை தட்டைத் திருப்பி வைத்தாலே அவர் சாப்பிடுவார்.

சுயபராமரிப்புக் குறை என்று ஓரெம் சொன்னது இதைத்தான். ‘சாப்பிட முடியவில்லை’ என்று நிறுத்தாமல், எந்தப் படியில் முடியவில்லை என்று தேடச் சொல்கிறது அந்தத் தியரி: உணவைப் பார்ப்பதிலா, எடுப்பதிலா, வாய்க்குக் கொண்டுபோவதிலா, மெல்வதிலா, விழுங்குவதிலா? படி தெரிந்தால்தான் உதவி எவ்வளவு என்று தீர்மானிக்க முடியும்.

ஓரெம் மூன்று வகை நர்சிங் முறைகளைச் சொன்னார்: முழுவதும் நாமே செய்வது, பாதியை நோயாளி செய்ய மீதியை நாம் செய்வது, நோயாளியே செய்ய நாம் கற்றுக்கொடுத்துத் துணை நிற்பது. மாணவர் ரெக்கார்டுகளில் ‘இந்த நோயாளிக்கு இரண்டாம் முறை’ என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனியாகத் தீர்மானியுங்கள். இதே மனிதருக்கு இன்று குளிப்பதில் நம் கை அதிகம் வேண்டும். சாப்பிடுவதில் பாதிப் பாதி. வீட்டுக்குப் போனபின் மாத்திரை எடுப்பதில் கற்றுக்கொடுப்பதே போதும், அதுவும் வீட்டில் கவனித்துக்கொள்பவரையும் உடன் உட்காரவைத்து.

அவரால் முடிகிற ஒன்றை நாமே செய்துவிடுவதும் மோசமான பராமரிப்புதான். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் வெளியிலிருந்து பார்க்க அது அன்பாகத் தெரியும். வேகமாக ஊட்டிவிடும் ஒவ்வொரு வேளையும் அவருடைய இடது கை பழக வேண்டிய ஒரு வேளை. புரையேறும் ஆபத்தும் கூடுகிறது.

கேர் பிளானில் இலக்கை அளக்கும்படி எழுதுங்கள். ‘உணவு உட்கொள்ளும் நிலை மேம்படும்’ என்றால் யாராலும் சரிபார்க்க முடியாது. ‘மூன்று நாளில், நிமிர்ந்து உட்கார்ந்து, தட்டைச் சரியாக வைத்தால், இடது கையால் பாதி உணவைப் புரையேறாமல் சாப்பிடுவார்’ என்று எழுதினால் அடுத்த ஷிப்ட் செவிலியருக்கும் வழி தெரியும். நீங்கள் செய்யப்போவதும் அதிலிருந்தே வந்துவிடும்: நேராக உட்காரவைப்பது, சிறு சிறு வாயாகச் சாப்பிடச் சொல்வது, பாதிக்கப்பட்ட கன்னத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, குரல் ஈரமாகக் கரகரத்தாலோ இருமல் வந்தாலோ நிறுத்தித் தகவல் சொல்வது, சாப்பிட்ட உடனே படுக்கவிடாமல் இருப்பது.

எல்லா நோயாளிக்கும் ஓரெம் போதாது. வென்டிலேட்டரில் நினைவின்றிக் கிடப்பவரிடம் ‘நீங்களே எதைச் செய்வீர்கள்’ என்று கேட்டுப் பயனில்லை. அங்கே எதுவும் விட்டுப்போகாமல் பார்க்க வர்ஜீனியா ஹெண்டர்சனின் 14 அடிப்படைத் தேவைகள் கைகொடுக்கும். மனநல வார்டில், பேசவே மறுப்பவரிடம், ஹில்டகார்ட் பெப்லாவ் 1952-இல் எழுதிய செவிலியர்-நோயாளி உறவுக் கட்டங்கள்தான் வழி. முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிடத் துடிக்காமல் இருக்க அது கற்றுத்தரும். ஒரே நோயாளிக்கு நான்கு தியரியை அடுக்க வேண்டாம். ஒன்றை எடுத்து ஆழமாகச் செய்யுங்கள்.

வார்டில் யாரும் தியரி பேசுவதில்லை என்கிறீர்கள். பெயர் சொல்லிப் பேசுவதில்லை என்பது உண்மை. நர்சிங் கோட்பாட்டாளர் பாட்ரிசியா பென்னர் 1984-இல், செவிலியர் புதியவர் நிலையிலிருந்து தேர்ந்தவர் ஆவதை ஐந்து கட்டங்களாக விளக்கினார். தொடக்கத்தில் இருப்பவருக்கு விதிகள் வேண்டும். தேர்ந்தவர் முழு நிலைமையையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார், எப்படி என்று அவராலேயே உடனே விளக்க முடியாமல் போகலாம். ஆகவே ஸ்டாஃப் நர்ஸிடம் ‘சிஸ்டர், இங்கே எந்தத் தியரி?’ என்று கேட்காதீர்கள். ‘இவர் சரியில்லை என்று எதை வைத்துச் சொன்னீர்கள்?’ என்று கேளுங்கள், அவர் கைவேலை ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து. முகம் வெளிறியது, நேற்றுப் பேசியவர் இன்று தலையை மட்டும் ஆட்டியது, மூச்சு வேகமானது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டில் அந்தத் தியரிப் பக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். அசெஸ்மென்ட், நர்சிங் டயக்னோசிஸ், திட்டம், செயல், மதிப்பீடு ஐந்தையும் முடித்தபின், எந்த முடிவை எடுக்க அந்தத் தியரி உதவியது என்று மூன்று நான்கு வரி போதும். இந்த நோயாளிக்கு என்றால், ஊட்டுவதை நிறுத்திவிட்டுத் தட்டைத் திருப்பி வைத்த முடிவை எழுதலாம். ஆசிரியர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டாலும் அதையே சொல்லுங்கள்.