சென்டர் கணினியில் விண்டோஸும் லினக்ஸும்

கேள்வி: கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஐந்து கணினிகள், ஐந்திலும் விண்டோஸ். பள்ளிப் பிள்ளைகள் ஐடி பிராக்டிகலுக்குப் பழக லினக்ஸ் கேட்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கோ தமிழ் டைப்பிங்குக்கும் டாலிக்கும் விண்டோஸ்தான் வேண்டும். விண்டோஸை அழிக்காமல் லினக்ஸும் போடலாமா? பல பேர் கைபடும் கணினியில் தொல்லை வருமா?

பதில்: தாராளமாகப் போடலாம். ஆனால் ஐந்திலும் வேண்டாம், இரண்டில் போதும். பில் போடும் கணினியைத் தொடவே தொடாதீர்கள்.

பிள்ளைகள் கேட்பது நியாயம்தான். கேரள அரசுப் பள்ளிகளில் ஓடுவது கைட் குனு லினக்ஸ். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது. படம் வரைய ஜிம்ப், இங்க்ஸ்கேப், கணக்குக்கு ஜியோஜிப்ரா எல்லாம் அதிலேயே வரும். வேறு லினக்ஸைத் தேடாமல் அதையே போடுங்கள். வகுப்பில் பார்த்த மெனுவே உங்கள் சென்டரிலும் இருந்தால் பிள்ளைக்குத் தடுமாற்றம் இருக்காது.

முதலில் முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் விண்டோஸில் டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரோ டிவைஸ் என்கிரிப்ஷனோ ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலே அது ஆன் ஆகியிருக்கலாம். 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைத்த பிறகே அதை ஆஃப் செய்யுங்கள். ஒருமுறை சாவியைக் குறிக்காமல் பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே எழும்பும் கணினியின் அடிப்படை மென்பொருள்) அமைப்பை மாற்றிவிட்டேன். மறுபடி ஆன் செய்தால் நீலத்திரை சாவி கேட்கிறது. நண்பர் ஒருவருடைய குடும்பப் படங்கள் அத்தனையும் அந்தத் திரைக்குப் பின்னால் போய்விட்டன. இன்றும் அது உறுத்துகிறது.

லினக்ஸுக்கு 60 ஜிபி போதும். அந்த இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க் கொடுத்துப் பிரியுங்கள். வேலை நடக்கும்போது கரண்ட் போகக் கூடாது, யுபிஎஸ் கட்டாயம். விண்டோஸ் யுஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் இருந்தால் லினக்ஸ் பென்டிரைவையும் அதே முறையில் பூட் செய்யுங்கள். டிஸ்க்கே தெரியவில்லை என்று இன்ஸ்டாலர் சொன்னால், பயாஸில் இன்டெல் ஆர்எஸ்டி என்ற டிஸ்க் முறை ஆன் ஆகியிருக்கலாம். அதை ஏஎச்சிஐ என்ற பொதுவான முறைக்குச் சட்டென மாற்றினால் விண்டோஸ் எழும்பாமல் போகலாம். சேஃப் மோடு வழியாகத்தான் மாற்ற வேண்டும்.

உண்மையான தொல்லை இன்ஸ்டால் முடிந்த பிறகுதான் வரும். ஒருவர் விட்டுப்போன நிலையில்தான் அடுத்தவர் கணினியைத் தொடுகிறார். காலையில் ஒருவர் விண்டோஸில் வேலை முடித்து ஷட் டவுன் கொடுக்கிறார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன் ஆகியிருந்தால் அது முழு ஷட் டவுன் அல்ல. பாதி நினைவை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்குகிறது. மாலையில் ஒரு மாணவி லினக்ஸில் நுழைந்து டி டிரைவில் படத்தைச் சேமிக்கப் பார்த்தால், எழுத விடாது. வற்புறுத்தி எழுதினால் காலையில் வந்தவரின் கோப்பு கெடக்கூடும். ஆகவே இரண்டு கணினிகளிலும் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸில் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிடுங்கள். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அது திரும்ப ஆன் ஆவதுண்டு, அவ்வப்போது பாருங்கள். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் இந்தச் சிக்கல் கிடையாது.

கடிகாரமும் குழப்பும். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்கின்றன. லினக்ஸுக்குப் போய்த் திரும்பினால் விண்டோஸ் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். மணிக்கணக்கில் காசு வாங்கும் இடத்தில் இது சண்டையில் முடியும். லினக்ஸ் டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 (timedatectl set-local-rtc 1) என்ற கட்டளையை ஒருமுறை கொடுத்தால் சரியாகிவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விண்டோஸில் பாஸ்வேர்டு போட்ட கணக்குக்குள் இருக்கும் கோப்பும் லினக்ஸ் நிர்வாகிக்குத் திறந்தே கிடக்கும். பிட்லாக்கரும் இல்லாதபோது தடுக்க எதுவுமில்லை. உங்களிடம் ஆதார் ஸ்கேன் செய்துபோன எத்தனை பேருடைய நகல் டெஸ்க்டாப்பில் இருக்கிறது? அவற்றை இன்றே அழியுங்கள். பிள்ளைகளுக்குச் சாதாரணக் கணக்கு மட்டும் கொடுங்கள், நிர்வாகி பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். பயாஸுக்கும், ஆன் செய்ததும் விண்டோஸா லினக்ஸா என்று கேட்கும் கிரப் மெனுவுக்கும் பாஸ்வேர்டு போடுங்கள். இல்லையென்றால் யாரும் கிரப்பின் ரெக்கவரி வழியாகவோ பென்டிரைவ் வழியாகவோ உள்ளே நுழையலாம்.

பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பை லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரியும். கோப்பு கெடவில்லை, அந்த எழுத்துருவை லினக்ஸிலும் நிறுவினால் தமிழ் வந்துவிடும்.

கிரப் மெனுவில் விண்டோஸ் பெயரே வரவில்லை என்றாலும் பயப்படாதீர்கள். புதிய கிரப்பில் மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். கிரப் அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டு அப்டேட்-கிரப் கொடுங்கள், விண்டோஸ் பட்டியலில் வந்துவிடும்.